சுவரில் ஊரும் சாம்பல் நிறக் கூடு: உள்ளே இருப்பது எந்த அந்துப்பூச்சி?

விறாந்தை (கொக்குவில்), நவம்பர் 22, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். கொக்குவிலில் நாங்கள் வசிப்பது என் அம்மப்பா காலத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டிய ஓட்டு வீடு. மாரி மழை தொடங்கிய நாளிலிருந்து விறாந்தைச் சுவரிலும், சாமியறையில் அலுமாரிக்குப் பின்னாலும், குளியலறைக் கதவின் மேற்சட்டத்திலும் சாம்பல் நிறத்தில் தட்டையான சிறு கூடுகள் ஒட்டியிருக்கக் காண்கிறேன். பார்வைக்கு ஒரு பூசணி விதையைப் போல, நடுவில் அகன்று இரு முனைகளிலும் ஒடுங்கியிருக்கின்றன. அடிமட்டத்தை வைத்து அளந்தபோது பெரியது 11 மில்லிமீற்றர் நீளமும் 4 மில்லிமீற்றர் அகலமும் இருந்தது.

பெயர்ந்த சுண்ணாம்பு என்று எண்ணி இத்தனை ஆண்டுகளாக நான் துடைத்தெறிந்தவை இவைதாம். சென்ற கிழமை மின்சாரம் இல்லாத ஓர் இரவில், கைவிளக்கின் ஒளி சுவரில் சாய்ந்து விழுந்தபோது அவற்றில் ஒன்று நகர்ந்தது. அருகில் சென்று பார்த்தேன். ஒரு முனையிலிருந்து கபில நிறத் தலையும் சில கால்களும் வெளியே நீண்டு சுவரைப் பற்றின. பின்னர் கூடு முழுவதும் ஓர் இழுவையில் முன்னே வந்தது. விரலால் தொட்டதும் தலை உள்ளே போய்விட்டது, அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

இது சுவரைத் தின்னும் பூச்சி என்றும், இதனால்தான் சாந்து உதிர்கிறது என்றும் அம்மா சொல்கிறார். மருந்து அடிக்கும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். எதைக் கொல்கிறோம் என்று தெரியாமல் மருந்தடிக்க எனக்கு மனமில்லை. இது என்ன, எதைத் தின்கிறது, எங்கே முட்டையிடுகிறது என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசன் (இணுவில்), நவம்பர் 22, இரவு 9.40

முப்பது ஆண்டுகளாகப் பழைய வீடுகளைத் திருத்தும் வேலை செய்து வருகிறேன். நான் கை வைத்த பழைய வீடுகளில் இந்தக் கூடு இல்லாத வீடு மிகக் குறைவு. இது கறையான் அன்று. கறையான் மண்ணாற் பாதை கட்டுமே ஒழிய வீட்டைச் சுமந்துகொண்டு திரியாது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், சாந்து உதிர்வதற்குக் காரணம் ஈரமும் உவரும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து, காயும்போது அந்த உப்புப் படிந்து பூச்சைத் தள்ளிவிடுகிறது. பூச்சி உதிர்ந்த மணலைப் பொறுக்குகிறது, உதிர்ப்பதில்லை. ஆனால் பெயர் எனக்குத் தெரியாது.

பனங்கூடல் (சாவகச்சேரி), நவம்பர் 23, காலை 6.30

அக்கா, இது பைப்புழுவாக இருக்கலாம். எங்கள் வேலிப் பூவரசில் சுள்ளித் துண்டுகளையும் காய்ந்த இலைகளையும் ஒட்டிக்கொண்டு தொங்கும் பைகளைப் பார்த்திருக்கிறேன். அவையும் இப்படித்தான் தலையை நீட்டி நகரும். அவை சைக்கிடே என்னும் குடும்பத்து அந்துப்பூச்சிகளின் குடம்பிகள், அதாவது புழுப் பருவத்தில் உள்ளவை, என்று படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்து என்றாலே நெல்லில் வரும் அந்துதான் நினைவுக்கு வரும். அதன் குடம்பி நெல்மணிக்கு உள்ளேயே வளர்வதால் அதற்கு இப்படியொரு கூடு தேவையில்லை. எனவே அதனை விலக்கிவிடலாம்.

வடமராட்சி ஆசிரியர் (கரவெட்டி), நவம்பர் 23, மாலை 4.05

பிள்ளை, உங்கள் விவரிப்புத் தெளிவாக இருக்கிறது. ஓய்வுபெறும் வரை உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் ஓர் ஊகம் எனக்கு உண்டு. ஆயினும் முடிவு சொல்வதற்கு முன் சிலவற்றை நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். தலை எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் வருகிறதா, அல்லது இரு முனைகளிலிருந்தும் வருகிறதா? கூடுகள் மிகுதியாக இருக்கும் இடத்தில் சிலந்தி வலை உண்டா? கூட்டின் மேற்பரப்பில் இலையோ சுள்ளியோ ஒட்டியிருக்கிறதா, மணல் மட்டும்தானா? ஒன்றைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, இரண்டு மூன்று நாட்கள் கவனியுங்கள்.

விறாந்தை, நவம்பர் 26, இரவு 7.50

ஐயா, நீங்கள் கேட்டவற்றைப் பார்த்தேன். மூன்று கூடுகளை வெறும் ஜாம் போத்தலில் இட்டேன். தலை இரு முனைகளிலிருந்தும் வருகிறது. ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததன் முன்னால் ஒரு தீக்குச்சியை வைத்தபோது அது உள்ளே இழுத்துக்கொண்டது; சிறிது நேரத்தின் பின் பின்முனையாக இருந்த பக்கத்தால் தலையை நீட்டி எதிர்த்திசையிற் புறப்பட்டது. கூட்டைத் திருப்பவே இல்லை, உள்ளேயே உடலைத் திருப்பிக்கொண்டது.

இலையோ சுள்ளியோ இல்லை. மெல்லிய மணல், கொஞ்சம் நூல்தூசி, சுவரின் நீலப் பூச்சுத் துணுக்குகள் ஆகியவை மட்டுமே. சாமியறைச் சுவர் மஞ்சள் என்பதால் அங்கு எடுத்த கூட்டில் மஞ்சட் பொடிகள் தெரிகின்றன. சிலந்தி வலையைப் பற்றி நீங்கள் கேட்ட பின்புதான் கவனித்தேன்: ஒன்பது கூடுகளில் ஏழு, கைவிடப்பட்ட பழைய வலைகளுக்கு அடியிலோ பக்கத்திலோ இருந்தன.

வடமராட்சி ஆசிரியர், நவம்பர் 27, காலை 10.20

அப்படியானால் ஐயத்துக்கு இடமில்லை. இது டினைடே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரியோய்க்கா என்னும் பேரினத்து அந்துப்பூச்சியின் குடம்பி. அந்தப் பெயர் கிரேக்க மொழியிலே ‘வீட்டைச் சுமப்பது’ எனப் பொருள்படும். நத்தையைக் குறிக்க அம்மொழியின் பழம்புலவர்கள் ஆண்ட சொல் அது. ஹின்ரன், பிராட்லி என்னும் இருவர் 1956 இல் இப்பேரினத்தை வகுத்தார்கள்.

பனங்கூடல் தம்பி சொன்ன பைப்புழுவிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதைச் சொல்கிறேன். பைப்புழுக்கள் பெரும்பாலும் செடியிலே வாழ்ந்து இலையைத் தின்பவை; பையும் பெரும்பாலும் உருண்டு நீண்டிருக்கும்; பல இனங்களிற் பெண் அந்துப்பூச்சிக்குச் சிறகே இராது, பையை விட்டு வெளியே வராமலே முட்டையிடும். உங்கள் சுவரில் உள்ளது தட்டையான கூடு. அதன் நடுப்பகுதி அகன்றிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: குடம்பி உடலை மடித்துத் திரும்புவதற்கு வேண்டிய இடம் அங்கேதான் கிடைக்கிறது. இரு முனைகளிலும் ஒரே அளவிலான பிளவு இருப்பதால் எந்தப் பக்கத்தாலும் அது வெளியே வரலாம். தீக்குச்சியை வைத்து நீங்கள் செய்த சோதனை இதனை நன்றாகக் காட்டிவிட்டது.

கூட்டின் உட்புறம் முழுவதும் குடம்பி தானே சுரந்த பட்டிழையால் மெழுகியது போல இருக்கும். மணலும் தூசியும் வெளிப்புறத்துக்கு மட்டுமே. முழு வளர்ச்சி பெற்ற குடம்பி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளமுடையது. உடல் வெண்மையும் மென்மையுமானது, ஆனால் தலை கருங்கபிலம்; தலையை அடுத்த மூன்று மார்புத் துண்டங்களின் மேலும் பக்கங்களிலும் கடினமான கரிய தகடுகள் உண்டு. நடக்கும்போது வெளியே நீளும் பகுதி அந்த மூன்று துண்டங்கள்தாம் என்பதால், எதிரியின் வாய்க்கு எட்டக்கூடிய இடத்திலே மட்டும் அதற்குக் கவசம் இருக்கிறது. முப்பது ஆண்டு கற்பித்த பின்னும் இதை நினைக்கும்போது எனக்கு வியப்புக் குறைவதில்லை.

உணவு பற்றிக் கேட்டீர்கள். பழைய சிலந்தி வலை, இறந்த பூச்சிகளின் எச்சம், உதிர்ந்த மயிர், கம்பளி ஆகியவற்றைத் தின்கிறது. பருத்தியைத் தின்பதில்லை. மனிதரைக் கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. சுண்ணாம்பு அதற்கு உணவன்று, கட்டடப் பொருள். மேசன் சொன்னது முற்றிலும் சரி.

பனங்கூடல், நவம்பர் 27, மாலை 6.45

விளக்கத்துக்கு நன்றி ஐயா. பைப்புழு என்ற என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். இணையத்தில் இப்பேரினத்தைத் தேடியபோது பெரும்பாலான படங்களுக்கு ஃபெரியோய்க்கா யூட்டெரெல்லா என்ற பெயரே இடப்பட்டிருக்கிறது. அக்காவின் பூச்சியும் அதுதான் என்று எழுதிவிடலாமா?

வடமராட்சி ஆசிரியர், நவம்பர் 28, காலை 9.10

எழுதிவிட வேண்டாம் தம்பி. இந்த இடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். யூட்டெரெல்லா என்பது வால்சிங்கம் பிரபு 1897 இல் விவரித்த இனம். அது பெரிதும் ஆராயப்பட்டது அமெரிக்கக் கண்டத்தில், சிறப்பாகப் புளோரிடாவில். அங்கிருந்து வந்த கட்டுரைகள் எளிதிற் கிடைப்பதால், உலகின் எந்த மூலையில் இந்தக் கூட்டைக் கண்டாலும் மக்கள் அதே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ரெபெல் 1892 இல் விவரித்த ஃபெரியோய்க்கா அல்லுட்டெல்லா என்னும் இன்னோர் இனம் உண்டு. கனேரித் தீவுகள், சியரா லியோன், சீஷெல்ஸ், ஜாவா, சமோவா, பனாமா ஆகிய இடங்களோடு இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியிருப்பது அந்த இனம். ஆகவே ஊகிக்கத்தான் வேண்டுமென்றால் அல்லுட்டெல்லாவை ஊகிப்பதற்கே கூடுதல் நியாயம் இருக்கிறது.

ஆனால் இவ்விரண்டையும் கூட்டின் படத்தை வைத்தோ, சிறகின் புள்ளிகளை வைத்தோ பிரித்தறிய முடியாது. நிறையுடலியின், அதாவது சிறகு முளைத்த அந்துப்பூச்சியின், இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தால்தான் இனத்தை உறுதிப்படுத்தலாம். அது நடக்கும்வரை பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை. பிழையான இனப்பெயரோடு ஏற்றிய ஒரு படம் பத்துப் படங்களுக்குப் பிழையான பெயரைக் கொடுத்துவிடும்.

தையற்காரி (சுன்னாகம்), நவம்பர் 28, இரவு 8.30

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. என்னிடம் தைக்கவும் திருத்தவும் வரும் பழைய கூறைச் சேலைகளிற் சிறு ஓட்டைகள் இருப்பதுண்டு. ஒரு முறை ஓர் அலுமாரியின் அடித்தட்டில் இதே கூடுகளைக் கண்டேன். சேலையைத் தின்றது இதுவா?

வடமராட்சி ஆசிரியர், நவம்பர் 29, காலை 7.55

பிள்ளை, கம்பளித் துணியை இது தின்னும் என்பது தெரிந்ததே. பட்டும் பூச்சியிலிருந்து வந்த நூல் என்பதால், சேலைகளை அவ்வப்போது எடுத்து நிழலிற் காற்றாட விரித்து, அலுமாரியின் மூலைகளைத் தும்பு இல்லாமல் துடைத்து வைப்பது நல்லது. ஆனால் கூட்டைக் கண்டவுடன் ஓட்டைக்குக் காரணம் அதுவே என்று முடிவு செய்துவிட வேண்டாம். நம் அலுமாரிகளில் இராமபாணப் பூச்சி மிகுதி. அது மாவுப்பொருளை நாடிச் செல்வது. கஞ்சி போட்ட பருத்தித் துணியையும் புத்தகத்தின் பசையையும் அரிக்கும். உடையைக் கெடுப்பதற்கென்றே பெயர்பெற்ற இன்னொரு கூடுகட்டி அந்துப்பூச்சியும் இதே டினைடே குடும்பத்தில் உண்டு, டினியா பெல்லியோனெல்லா என்பது பெயர். அதன் கூடு தட்டையாக இராது. ஒடுங்கிய குழாயாக, தின்ற துணியின் நூலாலேயே ஆனதாக, அந்தத் துணியின் நிறத்திலேயே இருக்கும். நீங்கள் கண்டது மணல் ஒட்டிய தட்டைக் கூடு என்றால் அது அலுமாரிக்குள் வந்தது பெரும்பாலும் மூலையில் இருந்த சிலந்தி வலைக்காகவே இருக்கும்.

தீவகன் (வேலணை), நவம்பர் 30, பிற்பகல் 2.15

வெளிநாட்டில் இருக்கும் என் பெரியம்மாவின் வீடு பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. சென்ற ஆண்டு திறந்தபோது முகட்டிலிருந்து சுவர் பாதி வரை ஒட்டடை. அந்தச் சுவர்களில் இந்தக் கூடுகளை எண்ணவே முடியவில்லை. அப்போது காரணம் விளங்கவில்லை, இந்த உரையாடலைப் படித்தபோது விளங்குகிறது. பூட்டிய வீட்டில் தும்புத்தடி படாத வலையும், அதில் அகப்பட்டுச் செத்த பூச்சிகளும், வெளியேற வழியில்லாத ஈரமும் ஒருங்கே இருந்தன. ஒட்டடை அடித்து, யன்னல்களைத் திறந்து விட்டு, இரண்டு மாதம் ஆள் இருந்த பின் கூடுகள் மிகவும் குறைந்துவிட்டன. மருந்து எதுவும் அடிக்கவில்லை.

வடமராட்சி ஆசிரியர், நவம்பர் 30, மாலை 5.00

தீவகன் தம்பி சொன்ன ஈரம் முக்கியமானது. இந்தப் பூச்சி வாழ்க்கை வட்டத்தை நிறைவு செய்வதற்குக் காற்றில் நல்ல ஈரப்பதன் வேண்டும். கொக்குவில் வீட்டில் மாரி தொடங்கியபோது இது கண்ணிற் பட்டதற்கும், குளியலறையில் இருப்பதற்கும் அது ஒரு காரணமாகலாம். வீட்டுக்கு வெளியேயும் இது வாழும். நிழலான கொட்டில்களிலும், நெடுநாள் எடுக்காத பொருட்களின் அடியிலும், மரத்தின் அடிப்பகுதியிலும் பாருங்கள்.

விறாந்தை, டிசம்பர் 10, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. மூன்று கூடுகளையும் இன்னும் வைத்திருக்கிறேன். மண் தட்டில் வைத்த போத்தலுக்குள் ஒட்டடையும் செத்த நுளம்புகளும் இடுகிறேன். சிறியதாக இருந்த கூட்டின் அருகே இடித்த செங்கற்பொடியைத் தூவி வைத்தேன். எட்டு நாளில் அதன் இரு முனைகளிலும் மெல்லிய சிவப்பு விளிம்பு ஒன்று சேர்ந்திருந்தது. கூடு வளர்வதைக் கண்ணால் பார்ப்பதற்கு இது எளிய வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரும்பினால் செய்து பார்க்கலாம்.

மூன்றில் பெரிய கூடு நேற்று, டிசம்பர் 9 ஆம் திகதி, போத்தலின் பக்கச் சுவரில் ஏறி நின்றுவிட்டது. இரு முனைகளையும் பட்டிழையால் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. தொட்டால் அசைவில்லை. இறந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

வடமராட்சி ஆசிரியர், டிசம்பர் 10, இரவு 9.30

இறக்கவில்லை, கூட்டுப்புழுவாகிறது. அன்னெற் அய்யெல்லோ என்னும் ஆய்வாளர் பனாமாவில் அல்லுட்டெல்லாவை வளர்த்து 1979 இல் எழுதிய கட்டுரையில், குடம்பிப் பருவம் ஆறு அல்லது ஏழு தோலுரிப்பு நிலைகளாக ஏறத்தாழ 50 நாட்கள் நீடிப்பதையும், கூட்டுப்புழுப் பருவம் 11 முதல் 23 நாட்கள், சராசரியாக 15.8 நாட்கள் ஆவதையும் பதிந்திருக்கிறார். அவர் தன் தலைமயிரையும் செத்த நுளம்பையும் கொடுத்தே அவற்றை வளர்த்தார். நீங்களும் நுளம்பையே கொடுத்திருக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கூட்டின் ஒரு முனையைக் கைவில்லையால் பாருங்கள். கூட்டுப்புழுவாவதற்கு முன் குடம்பி அந்த முனையின் இரு ஓரங்களையும் சிறிது கீறி, தட்டையான ஒரு வாயிற்கதவு போல ஆக்கிவைக்கும். அந்துப்பூச்சிக்குக் கடிக்கும் வாய் இல்லையே; வெளியேறும் வழியைக் குடம்பியே முன்கூட்டிச் செய்து வைக்கிறது. பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வெளிவரும், அந்த நேரத்திற் கவனியுங்கள்.

விறாந்தை, டிசம்பர் 25, பிற்பகல் 1.10

வந்துவிட்டது. பதினாறாம் நாள். பகல் 11.50 க்கு வாயிற்கதவு போன்ற அந்த முனை சற்றுத் திறந்திருந்தது, 12.20 அளவில் கூட்டுப்புழுவின் தோல் பாதி வெளியே துருத்தி நிற்க, அதன் பக்கத்தில் அந்துப்பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. வெற்றுத் தோல் இன்னமும் கூட்டின் வாயிலேயே செருகி நிற்கிறது.

நிறம் சாம்பல். முன்சிறகில் தெளிவில்லாத கரும்புள்ளிகள், ஒரு பக்கத்தில் நான்கு என எண்ணினேன். சிறகுகளை முதுகின்மேல் ஓட்டுக் கூரை போலச் சாய்த்து வைத்திருக்கிறது. பின்சிறகின் ஓரத்தில் வெளிர்சாம்பல் நிறத்தில் நீண்ட மயிர் வரிசை. தலையின் உச்சியில் கலைந்த மயிர் போலச் செதில்கள் நிமிர்ந்து நிற்கின்றன. விரித்த சிறகு 12 மில்லிமீற்றர் அளவு இருக்கும். இத்தகைய பூச்சியை மாலை நேரங்களில் விளக்குச் சுவரில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஊரும் கூட்டையும் இதனையும் ஒருபோதும் தொடர்புபடுத்தியதில்லை.

வடமராட்சி ஆசிரியர், டிசம்பர் 25, மாலை 3.40

நீங்கள் சொன்ன அளவு பெண்ணுக்குப் பொருந்துகிறது. பெண்ணின் விரித்த சிறகு 10 முதல் 13 மில்லிமீற்றர். ஆண் சிறியது, மெலிந்தது, புள்ளிகளும் அவ்வளவு தெரியாது. தலையில் நிமிர்ந்து நிற்கும் செதில்கள் டினைடே குடும்பத்தின் அடையாளங்களுள் ஒன்று என்பதால் நம் முடிவு மேலும் உறுதியாகிறது. மற்றக் கூட்டிலிருந்து ஆண் வந்தால் இரண்டையும் சேர்த்து வையுங்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் ஒட்டடையும் தூசியும் இருக்கட்டும்.

பனங்கூடல், டிசம்பர் 28, காலை 7.20

அக்காவைப் பார்த்து நானும் நான்கு கூடுகளை வைத்தேன். ஒன்றில் குடம்பி கூட்டுப்புழுவாகாமலே இறந்து, அந்துப்பூச்சிக்குப் பதிலாக மிகச் சிறிய கரிய குளவி ஒன்று வெளிவந்தது. இது எப்படி ஐயா?

வடமராட்சி ஆசிரியர், டிசம்பர் 28, காலை 11.00

அரிதான பேறு தம்பி, அந்தக் குளவியை எறிந்துவிடாமல் மதுசாரத்தில் இட்டு வையுங்கள். பிராகொனிடே குடும்பத்துக் குளவிகளிற் பல குடம்பியின் உடலுக்குள் முட்டையிடுபவை. அப்பான்ரெலிஸ் கார்ப்பேற்றஸ் என்னும் ஒன்று இப்பேரினத்துக் குடம்பிகளைத் தாக்கிக் கூட்டுப்புழுவாகு முன்பே கொல்வது அறியப்பட்டிருக்கிறது. உங்களுடையது அதுதானா என்பதை நிபுணர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். மருந்தடிப்பதை நான் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்: மருந்து இந்தக் குளவியையும் சிலந்தியையும் சேர்த்தே கொன்றுவிடும், பாதுகாப்பாக இருக்கும் ஒரே உயிர் கூட்டுக்குள் இருக்கும் குடம்பிதான்.

விறாந்தை, ஜனவரி 12, இரவு 8.40

டிசம்பர் 27 அன்று இரண்டாவது கூட்டிலிருந்து சிறிய, மெலிந்த ஒன்று வந்தது. ஆண் என்றே நினைக்கிறேன். 30 ஆம் திகதி காலையில் போத்தலின் அடியில், தூசியோடு தூசியாக ஒட்டிய முட்டைகளைக் கைவில்லையால் கண்டேன். வெளிர்நீலம். குத்தூசியின் முனையளவுதான். பெண் அடுத்த ஐந்து நாட்களும் முட்டையிட்டு ஆறாம் நாள் இறந்துவிட்டது. நான் எண்ண முடிந்தது 60 வரை.

நேற்று, பன்னிரண்டு நாட்களின் பின், முதற் குடம்பிகள் வந்தன. மணலைத் தூவிய கறுப்புக் கடதாசியில் அவற்றை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உணவைத் தேடவில்லை, முதலில் மணலையே தேடின. ஒன்று நான்கைந்து துகள்களை இழையால் ஒட்டி, இரு காலும் கடதாசியில் ஊன்றிய ஒரு சிறு வளைவைத் தனக்கு மேலே கட்டியது. பிறகு அந்த வளைவின் கீழே நின்றபடியே அடிப்பக்கத்தையும் இழையால் மூடியது. கடதாசியிலிருந்து அது விடுபட்டபோது இரவு பத்து மணி இருக்கும். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத கூடு, இரு முனையும் திறந்தபடி, கடதாசியில் நகரத் தொடங்கியது. அம்மாவும் கைவில்லையை வாங்கிப் பார்த்தார்.

ஆண் பெண் இரண்டையும் மதுசாரத்தில் இட்டு வைத்திருக்கிறேன் ஐயா. இனத்தை உறுதிப்படுத்தக்கூடியவர் எவரேனும் உங்களுக்கு அறிமுகம் என்றால் கரவெட்டிக்கே கொண்டுவந்து தருகிறேன்.

வடமராட்சி ஆசிரியர், ஜனவரி 12, இரவு 9.15

கொண்டுவாருங்கள் பிள்ளை. போத்தலில் இடமும் திகதியும் எழுதிய சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். மையென்றால் மதுசாரத்திற் கரைந்துவிடும். கூடுகளையும் கூட்டுப்புழுவின் வெற்றுத் தோலையும் தனியாக ஒரு தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.